சரஸ்வதி பூசையன்று முடிந்த வாக்கெடுப்பு

ஜெயராணி சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தபோது, அது அவள் வீட்டுக்காரர் கடை என்றே தெருவில் பாதிப் பேர் நினைத்தார்கள். வீட்டுக்காரர் ராஜாமணி ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். வீட்டில் ஃப்யூஸ் போனால் மனைவி வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிற அப்பாவி மனிதர். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓனர் இல்லையா என்று கேட்பார்கள். வருவாரு, உட்காருங்க என்று சொல்லிவிட்டு அவள் மோட்டாரைத் திறப்பாள். உள்ளே எரிந்துபோன செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, வெட்டி எடுத்து, எதனால் எரிந்தது, எப்போது தர முடியும் என்று சொல்லி முடிப்பதற்குள், ஓனர் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். இது 2004-ல். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியே நின்றுபோனது.

அவள் அப்பா அந்தோணிசாமி சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கினவர். பிள்ளைகள் யாரும் மூட்டைப் பக்கம் போகக் கூடாது என்பதில் மட்டும் அவருக்குப் பிடிவாதம், மற்றதெல்லாம் கர்த்தர் விட்ட வழி. மகள் எலக்ட்ரீசியன் படிப்பில் சேரப் போகிறேன் என்றதும் உறவுக்காரர்கள் எல்லாம் டீச்சர் டிரெயினிங் என்று பாட்டுப் பாடினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கடலூர் ஐ.டி.ஐ.யில் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பக்கத்தில் உட்காரத் தயங்காதவன் எழிலன் ஒருவன்தான்.

இருவரும் சேர்ந்தே செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் காண்டிராக்டில் வேலைக்குப் போனார்கள். எழிலனை நிரந்தரமாக்கினார்கள். ஜெயராணியை அனுப்பிவிட்டார்கள். பெண்ணுக்கு இரவு ஷிப்டு தர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பகல் ஷிப்டு மட்டும் தாருங்களேன் என்று அவள் கேட்டதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிற ரகமா அவள்? காயில் கட்டும் கடை ஒன்றில் சேர்ந்து தொழிலைக் கற்றாள். கல்யாணம் ஆகி சிதம்பரம் வந்ததும் சொந்தமாகத் தொடங்கிவிட்டாள்.

எழிலன் நல்லவன். நல்லவர்களால் வரும் தொல்லையும் உண்டு, அதைப் பின்னால் சொல்லலாம். 2005-ல் அவன் தன் வகுப்புத் தோழர்களுக்காக ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினான். ஒருவர் கேள்வி எழுதினால் எல்லாருக்கும் போகும், தெரிந்தவர் பதில் எழுதுவார். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்தான். ஆளுக்கு ஆள் சொல்லி, குழு பெருத்துவிட்டது. தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் ஒரு பக்கம், வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கொஞ்சம். இன்னொரு பக்கம் கீரப்பாளையம், லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வயல் மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிற மெக்கானிக்குகள். இந்த இரண்டாவது பக்கத்துக்கு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வேலை இல்லாத நாளில் பிரௌசிங் சென்டருக்குப் போய், வந்த மெயில்களை மொத்தமாகப் படித்து, மொத்தமாகப் பதில் போடுவார்கள்.

அவர்களுக்கு ஒரு பழக்கம். புது மெயில் எழுதும் வழி தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது. ஏற்கெனவே வந்த மெயில் ஒன்றைத் திறந்து, பதில் அனுப்பும் பொத்தானை அமுக்கி, அதற்குள் தங்கள் கேள்வியை எழுதிவிடுவார்கள். அந்த வருடம் யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும் வசதியாகக் கிடைத்துவிட்டது. நீர்மூழ்கி மோட்டார் சூடாகிறதா, பொங்கல் வாழ்த்து. ஸ்டார்ட்டர் பிடிக்க மாட்டேன் என்கிறதா, பொங்கல் வாழ்த்து. ஆடி மாதத்தில்கூடப் பொங்கல் வாழ்த்துதான். தொழிற்சாலைக்காரர் ஒருவர் ஒரு கோளாறுக்குப் பழைய பதிலைத் தேடினால், நூற்றுக்கணக்கான பொங்கல் வாழ்த்துக்குள் மூழ்கி எழ வேண்டும். எழிலனின் மேலாளர் ஒரு நாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் நேரத்தில் வாழ்த்து அனுப்பி விளையாடுகிறாயா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆக, குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு 2008-ல் வந்தபோது அதில் நியாயம் இருந்தது. மோட்டார், ஸ்டார்ட்டர், வயரிங் எல்லாம் ஒரு குழு. டிரைவ், ஆட்டோமேஷன் சமாச்சாரம் இன்னொரு குழு. டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்னணுப் பெட்டி. தொழிற்சாலைக்காரர்களின் பேச்சில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். பிரிப்பதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. டிரைவ் குழுவில் கம்பெனி மெயில் முகவரி இருப்பவர்களை மட்டும் சேர்ப்பது என்று ஒரு வரியும் சேர்ந்திருந்தது. வெளியாட்கள் வந்தால் கம்பெனி விஷயம் வெளியே போய்விடுமாம்.

அந்த ஒரு வரி ஜெயராணியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அவள் கடைக்கு அப்போது புது மாதிரி மோட்டார்கள் வரத் தொடங்கியிருந்தன. அரிசி ஆலைகளிலும் இறால் பண்ணைகளிலும் ஒவ்வொருவராக டிரைவ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவில் ஓடிய மோட்டார் எரிந்து வரும். வழக்கம் போல் காயில் கட்டிக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் மறுபடி எரிந்து வரும். கட்டினவள் மேல்தான் பழி. என்ன செய்தும் பிடிபடாமல் அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, குழுவில் இரண்டு தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் விடை கிடைத்தது. டிரைவ் அனுப்பும் மின்சாரத்தின் அடியைச் சாதாரணக் கம்பியின் பூச்சு தாங்காது. இரட்டைப் பூச்சுக் கம்பி வேண்டும், காயில்களுக்கு இடையே கூடுதல் காகிதம் வேண்டும். அவளுக்கென்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் பேசினார்கள், இவள் கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் கடை நின்றது. இன்னும் சில வருடத்தில் இந்த வட்டாரத்தில் பெரிய மோட்டார் எல்லாமே டிரைவில்தான் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் அவள் இல்லையென்றால் தொழில் அவளைத் தாண்டிப் போய்விடும். ஒரு முறை ஒரு வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவள் அவள். இரண்டாவது முறையும் நிற்க அவளுக்கு மனசு இல்லை.

கம்பெனி முகவரி நிபந்தனையை எதிர்த்து அவள் குழுவில் எழுதினாள். நீளமாக எழுதினாள், காரமாகவும் எழுதினாள். நம்ம ஆளுங்க எல்லாரும் ஒன்றாக இருந்துதானே இவ்வளவு கற்றோம், நம்ம ஆளுங்களைப் பிரிக்காதீர்கள் என்று எழுதினாள். பதிலுக்குப் பதில் நீண்டது, அதுவும் பொங்கல் வாழ்த்து என்ற தலைப்பிலேயே. கடைசியில் எழிலன் வாக்கெடுப்பு வைத்தான். பிரிக்கலாமா, வேண்டாமா? நிபந்தனையும் பிரிப்பும் ஒரே கேள்வியில். யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள் அன்றைக்கு இரவு தானாகவே மூடிக்கொள்ளும். எல்லாரும் ஓய்வாக இருக்கட்டும் என்று நாள்காட்டியைப் பார்த்து ஒரு விடுமுறை நாளாகத் தேர்ந்தெடுத்தான். எழிலனின் நல்ல மனசு வேலை செய்கிற விதம் அப்படி.

ஜெயராணி ஒவ்வொரு மெக்கானிக்காகப் போன் போட்டு நினைவுபடுத்தினாள். லீவு அன்றைக்குப் போட்டுவிடுகிறோம் அக்கா என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவளுக்கும் நிம்மதி.

அந்த லீவு சரஸ்வதி பூசை.

கடையில் காயில் சுற்றும் மாரியம்மாள் முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தாள். காலையில் சுற்றும் மிஷினுக்கும் குறடுகளுக்கும் மீட்டருக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியாயிற்று. ஜெயராணி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் கடையில் ஆயுத பூசை நின்றதில்லை. கும்பிட மாட்டாள், பொரி கடலைப் பொட்டலம் கட்டும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத் தர மாட்டாள். தெருவில் எல்லாருக்கும் பொரி கொடுத்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஓட்டுப் போட்ட பெயர்களைப் பார்த்தாள். தொழிற்சாலைக்காரர்கள் அத்தனை பேரும் போன வாரமே போட்டிருந்தார்கள். வளைகுடாக்காரர்கள் போட்டிருந்தார்கள். மெக்கானிக்குகளில் லால்பேட்டை ஜபருல்லா ஒருவர் பெயர்தான் இருந்தது. மற்ற பேரெல்லாம் எங்கே?

கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு எந்தப் பிரௌசிங் சென்டர் திறந்திருக்கும்? எந்தக் கம்ப்யூட்டரை எவன் தொடுவான்? கருவியைப் படைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது என்பது இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எழிலனுக்குத் தெரியும், மெக்கானிக்குகளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இத்தனை பேரில் ஒருவருக்கும் கம்ப்யூட்டரும் ஒரு கருவிதான் என்று தோன்றவில்லை. நாள்காட்டியில் சிவப்பாக இருந்தது, லீவு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டுவிட்டார்கள்.

எழிலனுக்குப் போன் போட்டாள். கடைசி நாளை ஒரு நாள் தள்ளி வை என்றாள்.

"எப்படி தள்றது ஜெயா? கம்ப்யூட்டர் மேல பாப்பா புக்கெல்லாம் அடுக்கி, அதுக்கு மேல சாமி படம் வச்சிருக்குது. இப்ப தொட்டேன்னா எங்கம்மா கைய ஒடிச்சிடும்."

"ஆபீஸ்ல?"

"ஆபீஸ்லயும் படைச்சிட்டு பூட்டிட்டோம். நான்தான் தேங்கா ஒடச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவன் தலையில் அதே தேங்காயை உடைத்தால் என்ன என்றும் வந்தது. போனை வைத்துவிட்டு கீரப்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள்.

கீரப்பாளையத்தில் தேவநாதன் வைத்திருந்த பிரௌசிங் சென்டர்தான் அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாருக்கும் வாசல். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் திரையின் நெற்றியில் பொட்டு, விசைப்பலகை மேல் சாமந்திப்பூ. தேவநாதன் புது வேட்டியில், வாயில் பொரியோடு இருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்தான். ஓட்டுக்குக் கடைசி நாள் இன்றைக்கு என்று அவனுக்குத் தெரியாதாம். நாளைக்குக் காலையில் படையலை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் எல்லார் ஓட்டையும் போட்டுவிடுகிறேன் என்றான். நாளைக்கு வாக்கெடுப்பே இருக்காது என்றாள் அவள்.

தேவநாதன் கொஞ்சம் யோசித்தான். மெயில் கணக்கெல்லாம் அவன் ஆரம்பித்துக் கொடுத்தது. யாருக்கு என்ன பாஸ்வேர்டு என்பது சொந்தக்காரனுக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது. அந்த ஊரில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"உங்க வூட்டு கம்ப்யூட்டருக்கு பொட்டு வைக்கல இல்லக்கா? பாஸ்வேர்டு எல்லாத்தையும் நான் சொல்றேன், நீங்களே போய் குத்திடுங்க. மிஷினத்தான் தொடக் கூடாது, வாயில இருக்கறத சொன்னா என்னா?"

ஜெயராணிக்கு மனசு துள்ளியது உண்மை. இத்தனை பேர் ஓட்டும் விழுந்தால் பிரிப்பு நடக்காது. பஸ் பிடித்தால் ராத்திரிக்குள் முடித்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? தெரிந்தாலும் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி என்று தோன்றியது. கேட்டுவிட்டுப் போட்டுவிடலாம், சரி என்றுதானே சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

சுப்பிரமணியன் வீட்டு வாசலில் மெக்கானிக்குகள் சிலர் கூடியிருந்தார்கள். நீர்மூழ்கி மோட்டார்களைத் தூக்கும் முக்காலிக்கும் செயின் பிளாக்குக்கும் படைத்து முடித்திருந்தார்கள். சுப்பிரமணியன் வட்டாரத்தில் பேர்போன மெக்கானிக், ஜெயராணியை விட்டு வேறு யாரிடமும் மோட்டார் கொடுக்காதவன். அக்கா வந்திருக்காங்க என்று நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. அவள் நடந்ததைச் சொல்லி, பாஸ்வேர்டு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லி, எல்லாருடைய ஓட்டையும் பிரிக்க வேண்டாம் என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுப்பிரமணியன்தான் தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தான்.

"தப்பா நெனைக்காதக்கா. பிரிச்சா நல்லதுன்னுதான் எங்களுக்குத் தோணுது. சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு குடுத்து உக்கார்றோம். அவுங்க டிரைவ் பேச்ச தாண்டி நம்ம பேச்சுக்கு வர்றத்துக்கே நேரம் போயிடுது. அது ஜாஸ்தியாவும் இருக்குது, ஒண்ணும் புரியவும் மாட்டேங்குது."

"உள்ள வர முடியாம கதவ சாத்திடுவாங்க சுப்பு."

"நாம அந்த வூட்டுக்குப் போறதே இல்லியேக்கா. சாத்தினா நமக்கு என்னா?"

முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர்கள் பதறிவிட்டார்கள். உனக்கு வேண்டுமென்றால் சொல்லு அக்கா, எங்களுக்கு ஒன்றும் இல்லை, வேண்டாம் என்றே போட்டுக்கொள், தேவநாதா சொல்லுடா பாஸ்வேர்டை என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அன்பில் சொன்னது. அந்த அன்புதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"எனக்காகப் போட்டா அது என் ஓட்டுதான், உங்க ஓட்டு இல்ல," என்றாள். "வேணாம் சுப்பு. இருக்கட்டும்." டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பாதியில் வைத்துவிட்டுப் போனால் கோபித்துக்கொண்டு போனதாக ஆகிவிடும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கோபப்பட்டாள். முதலில் சுப்பிரமணியன் மேல். இவர்களுக்காகத்தானே மாய்ந்து மாய்ந்து எழுதினேன், நன்றி கெட்ட ஜென்மங்கள். அப்புறம் தன் மேல். நம்ம ஆளுங்க, நம்ம ஆளுங்க என்று மெயிலுக்கு மெயில் எழுதினாளே, நம்ம ஆளுங்களில் ஒருவரையாவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாளா? ஓட்டுப் போடு என்று மட்டும்தானே சொன்னாள்? அவர்கள் பேர் சொல்லித் தனக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறாள். அதை ஒத்துக்கொள்ள நெஞ்சு எரிந்தது. வயல் ஓரத்து வாழைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்குச் சிதம்பரம் நெருங்கும்போது ஒன்று தெளிந்தது. டிரைவ் பேச்சு வேண்டியது அவளுக்கு. அவளுக்கு வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தன் பேரைச் சொல்லியே கேட்க வேண்டியதுதான்.

வாக்கெடுப்பு அன்று இரவு தானாக மூடிக்கொண்டது. பிரிக்கலாம் என்பதற்குப் பெரிய வெற்றி.

மறுநாள் விஜயதசமி. ஜெயராணி கடையைத் திறந்து, மாரியம்மாளிடம் வேலையைச் சொல்லிவிட்டு, கடலூர் பஸ் ஏறினாள். செம்மங்குப்பம் தாண்டும்போது வழக்கமான ரசாயன நெடி வந்தது, பஸ்ஸில் எல்லாரும் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்கில் வைத்தார்கள். அவள் வைக்கவில்லை. அந்த நெடியில் வேலை பார்த்தவள்.

எழிலன் வீட்டில் அப்போதுதான் படையலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி மாலதி வாங்கக்கா என்று கூப்பிட்டு, சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். எழிலன் இரவெல்லாம் தூங்காதவன் போல் இருந்தான். அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவனே முந்திக்கொண்டான். தேதி வைத்தது தன் தப்பு, முட்டாள்தனம், இந்த வாக்கெடுப்பு செல்லாது, மறுபடி வைத்துவிடலாம் என்றான்.

"வேணாம்," என்றாள் ஜெயராணி. "மறுபடி வச்சாலும் அதான் வரும். அவுங்களுக்கும் பிரிக்கிறதுதான் வேணுமாம், நேரா போய் கேட்டுட்டு வந்துட்டேன். நீ பிரி."

அவன் திகைத்துப் பார்த்தான். அவளா இப்படிப் பேசுகிறாள் என்று மாலதிகூடச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிரிக்கிறதுக்கு ஓட்டு வாங்கினே, சரி. கதவ பூட்டறதுக்கு எதுக்குப்பா அதோட சேர்த்து வாங்கினே?"

"கம்பெனிக்காரங்க பயப்படுறாங்க ஜெயா. வெளியாளுங்க வந்தா விஷயம் வெளிய போயிடும்னு."

"வெளியாளு யாரு, நானா?"

எழிலன் பதில் சொல்லவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், ஒரே காண்டிராக்டில் வேலைக்குப் போனவன். அவளை அனுப்பிய அன்றைக்கும் அவன் இப்படித்தான் பேசாமல் நின்றான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவன் இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டிருப்பான். இரக்கத்தில் கிடைப்பது எத்தனை நாளைக்கு நிற்கும்? அவள் பஸ்ஸிலேயே வேறு ஒன்று யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

யார் எந்தக் கம்பெனி என்று பார்க்காதே என்றாள். டிரைவ் குழுவில் சேர நினைக்கிறவர், தன் கையால் பார்த்த ஒரு டிரைவ் கோளாறைப் பற்றி எழுதி அனுப்பட்டும். என்ன மோட்டார், என்ன ஆயிற்று, என்ன செய்தார், சரியானதா இல்லையா. கம்பெனிப் பெயரோ ரகசியமோ எழுத வேண்டாம். எழுதினவரைச் சேர்த்துக்கொள். எழுதாதவர், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும், எழுதும்வரை வெளியே நிற்கட்டும். வெறும் விற்பனை ஆட்கள் தானாகவே வடிகட்டப்படுவார்கள், உங்கள் பயமும் தீரும்.

எழிலன் சுண்டலைக் கிளறிக்கொண்டே இருந்தான். மேலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றான். குழு உன்னுடையதா மேலாளருடையதா என்று கேட்டாள். ஆட்கள் எழுதச் சோம்பல்படுவார்கள் என்றான். சோம்பேறிகளை வைத்துக்கொண்டு குழு எதற்கு என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசி, நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். உண்மையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலதி இரண்டாவது முறை சுண்டல் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இலை போடட்டுமா என்று மாலதி கேட்டபோது, போடு என்று ஜெயராணி சொன்னாள்.

"இன்னைக்கு ஆரம்பிச்சா நல்லா வரும்ங்க," என்று மாலதி புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்குன்னா அப்புறம் அடுத்த வருசம்தான்." அவள் எதை நினைத்துச் சொன்னாளோ, எழிலன் எழுந்துவிட்டான். விஜயதசமியன்று தொடங்குவதை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் அவனுக்கு இல்லை. புத்தகங்களை இறக்கி வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டான். திரையின் பொட்டைத் துடைக்க மாலதி விடவில்லை. பொட்டுக்குக் கீழே அவன் புதுக் குழுவைத் தொடங்கி, சேரும் விதியை எழுதினான். ஜெயராணி பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில், கம்பெனி முகவரி உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று நைசாக ஒன்று நுழைத்திருந்தான். அதை எடு என்றாள். எடுத்தான்.

வீட்டுக்கு வந்து அவளுக்குரிய கோளாறை எழுத உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலை மோட்டார். இரட்டைப் பூச்சுக் கம்பி போட்டும், கூடுதல் காகிதம் வைத்தும், வார்னிஷ் இரண்டு தடவை கொடுத்தும் மறுபடி எரிந்து வந்தது. ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள். தோளுக்கு மேலாகப் படித்த ராஜாமணிக்கு வருத்தமாகப் போய்விட்டது. எரிந்துபோனதையா எழுதுகிறாய், நன்றாகச் செய்ததில் ஒன்றை எழுதக் கூடாதா என்று கேட்டார். நன்றாகச் செய்தது எனக்குத் தெரிந்ததாயிற்றே, அதை எழுதி என்ன கற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பினாள்.

எழிலன் தன் ஆட்களுக்கு விதியைத் தெரிவித்தான், அது ஜெயராணி சொன்ன யோசனை என்றும் எழுதினான். பழைய குழுவில் புகைச்சல் கிளம்பியது. பரீட்சை எழுதி உள்ளே போக வேண்டுமா என்றார் ஒருவர். இந்த அம்மா எந்தக் கம்பெனி, இவருக்காக விதியை மாற்றினார்களா என்று, இதற்குள் தானும் குழுவில் சேர்ந்திருந்த எழிலனின் மேலாளர் எல்லாருக்கும் போகும்படி கேட்டு எழுதினார். ஜெயராணி அதே குழுவில் பதில் போட்டாள். ஆமாம், எனக்காகத்தான் கேட்டேன், சிதம்பரத்தில் காயில் கட்டுகிறேன், எந்தக் கம்பெனியும் இல்லை, டிரைவில் ஓடி எரிந்த மோட்டார்கள் என்னிடம் வருகின்றன, அதனால் எனக்கு அந்தப் பேச்சு வேண்டும். அவ்வளவுதான் எழுதினாள். நம்ம ஆளுங்க என்ற சொல் அதில் இல்லை.

அந்த வாரம் எழிலன் போன் செய்தான். குரலில் பாதி சிரிப்பு, பாதி சங்கடம்.

"உன்னத சேர்த்துட்டேன் ஜெயா. உன்னது மட்டுந்தான் வந்திருக்குது. நானே இன்னும் எழுதல. இப்ப டிரைவ் குரூப்புல நீ ஒருத்திதான் இருக்கே."

ஜெயராணி சிரிக்கவில்லை. எதிரே மேசையில் மாரியம்மாள் ஒரு காயிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கேன்ல," என்றாள். "உன்னத எழுதி அனுப்பு. ஆரம்பிக்கலாம்."